இறக்கைக்காரியின் முதுகு

சந்திரமதி டாக்கீஸ் இருந்த இடத்தில் இப்போது ஏ.சி. போட்ட கல்யாண மண்டபம் நிற்கிறது. மணமேடை இருக்கும் இடத்தில்தான் அந்தக் காலத்தில் திரை இருந்தது என்பதோ, அந்தத் திரையிலிருந்து நாள் தவறாமல் ரோஸ் பவுடர் உதிர்ந்தது என்பதோ, அங்கே பந்தி முடிந்து ஐஸ்கிரீம் தின்கிறவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் கிடையாது. போகட்டும். குப்பத்துக்குத் தெரியும். இப்போது புதிதாக ஒரு இறக்கைக்காரி படம் எடுக்கிறார்களாம், அதற்கும் மும்பையிலிருந்துதான் ஒரு பெண்ணைப் பிடித்துவந்திருக்கிறார்களாம், நம் நிறத்தில் ஒருத்தி கிடைக்கவில்லையா என்று செல்போனுக்குள் ஆளாளுக்கு அடித்துக்கொள்கிறார்களாம். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் குப்பத்துப் பெண்கள் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே, "இன்னாத்துக்கு இந்தச் சண்ட? அதான் நம்ம தியேட்டர்லயே தீர்ந்துபோச்சே" என்று சிரிக்கிறார்கள்.

தெருவுக்கு ஒரு டி.வி. பெட்டிகூட வராத காலம் அது. தரை டிக்கெட் வாங்கியவன் மணலைக் குவித்து உட்கார, பின்னால் இருப்பவன் "யோவ் மறைக்குது" என்று கத்த, இடைவேளையில் முறுக்கு வாசனையும் பீடிப் புகையும் ஒன்றாய் எழும்ப, மின்விசிறி பெயருக்குச் சுற்றும். அப்படிப்பட்ட சந்திரமதியில்தான் 'இறக்கைக்காரி' படம் வந்தது. கதை என்னவென்றால், குப்பத்தில் வலை பின்னுகிற ஒரு மீனவப் பெண்ணைப் புயல் தூக்கிக்கொண்டுபோய், ஏழு நாள் கழித்து இரண்டு வெள்ளை இறக்கைகளோடு திருப்பிக் கொடுக்கிறது, அதன் பிறகு அவள் கடலில் மாட்டிக்கொண்ட படகுகளை எல்லாம் பறந்து போய்க் காப்பாற்றுகிறாள். அந்த மீனவப் பெண்ணாக நடித்தவள் பம்பாயிலிருந்து வந்த ரிங்கி தேவி. பால் நிறம், பூனைக் கண், தமிழில் ஒரு சொல் தெரியாது, வலையைக் கையில் கொடுத்தால் துப்பட்டாவைப் போல மடித்து வைத்தவள். ஆனாலும் குப்பம் அவளைக் கொண்டாடியது. நம்ம கதையை யாரோ ஒருத்தி நடிக்கிறாளே, அதுவே பெரிசு என்று இருந்த ஜனங்கள் அவர்கள்.

ரிங்கி தேவி தரையில் நின்றாள், அழுதாள், பாடினாள். பறந்தது அவள் இல்லை. பறந்தது இதே குப்பத்தின் மூன்றாவது தெருவில் இருந்த பிலோமினா. கட்டுமரக்காரன் இருதயத்தின் மனைவி, ஏழு வயது செலினுக்கு அம்மா, நல்ல கறுப்பு, கடல் தண்ணீரில் வளர்ந்த அகலமான தோள். ஊருக்குத் தெரிந்ததெல்லாம், அவள் கோடம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் நடிகைகளின் துணி துவைக்கிறாள் என்பதுதான். அவள் டூப் போடுகிறாள் என்பதை அவள் புருஷனைத் தவிர ஒரு ஈ காக்கைக்குக்கூடச் சொல்லவில்லை.

சொல்லக் கூடாது. அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முதன்முதலாகக் கயிற்றில் ஏறுகிறவளை ஸ்டண்ட் மாஸ்டர் கங்காதரன் காலையிலேயே குளித்துவிட்டு வரச் சொல்வார், கயிற்றுக்குப் பொட்டு வைப்பார், அவள் கையைக் கயிற்றின் மேல் வைத்துச் சத்தியம் வாங்குவார்: படம் கடைசிக் கொட்டகையை விட்டுப் போகிறவரைக்கும் 'பறந்தது நான்தான்' என்று வாயைத் திறக்க மாட்டேன். திறந்தால் உனக்கு ஒன்றும் ஆகாது, அடுத்து அந்தக் கயிற்றில் ஏறுகிறவளுக்குத்தான் கயிறு அறும். இருதயம் பெண்டாட்டியோடு போனவன் என்பதால் அவன் கையையும் அன்றைக்குக் கயிற்றில் வைத்துவிட்டார் மாஸ்டர். தன் உயிர் என்றால் பிலோமினா எப்போதோ சொல்லியிருப்பாள். யார் பெற்ற பிள்ளையோ, அவள் உயிர் அல்லவா.

தினம் காலையில் ஒன்றரை மணி நேரம் மேக்கப்காரர் அவளுக்கு ரோஸ் பவுடரைக் குழைத்து அப்புவார். முதுகு, பிடரி, காதுக்குப் பின்னால், கை, கால், குதிகால் வரைக்கும் இரண்டு பூச்சு. முகத்துக்கு மட்டும் கிடையாது. டூப்புக்கு முகம் எதற்கு? காமிராவுக்கு முதுகைக் காட்டிப் பறக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். இடுப்பில் தோல் பெல்ட், பெல்ட்டில் கயிறு, கயிறு கிரேனில், தோளில் வாத்து இறகு ஒட்டிய இறக்கை. பெல்ட் அறுத்து அறுத்து இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் போலத் தழும்பு விழுந்தது. குளிக்கும்போது செலின் அதைத் தடவி, "இன்னாம்மா இது?" என்று கேட்பாள். "வலக்கயிறு அறுத்தது" என்பாள் பிலோமினா.

ஒரு நாள் மனசு தாங்காமல் டைரக்டரிடம் கேட்டேவிட்டாள். "ஐயா, கதைல அவ குப்பத்துப் பொண்ணுதானே. நானும் அதே ஆளுதானே. பறக்கற எடத்துலயாவது எம் மொகத்தையே காட்டுனா இன்னா?"

டைரக்டர் கெட்டவர் இல்லை. அவளுக்கு டீ வரவழைத்துக் கொடுக்கிற மனுஷர். சிரித்துக்கொண்டே சொன்னார், "நல்லாத்தான் பறக்குற, இல்லேங்கல. ஆனா கறுப்பா ஒருத்தி பறந்தா ஜனங்க காக்கான்னு சொல்லிடுவாங்கம்மா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தானும் சேர்ந்து சிரித்ததுதான் ரொம்ப நாளைக்கு அவளுக்கு நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது.

கடைசி நாள் ஷூட்டிங்கில் ஒரு தப்பும் நடந்தது. கோவளம் பக்கம் கடலுக்கு மேலே அவளைத் தொங்கவிட்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த இருதயம் கரையில் நின்றவன், அவ்வளவு உயரத்தில் தன் பெண்டாட்டி இறக்கை விரித்துப் போவதைப் பார்த்ததும் தன்னை மறந்து, "பிலோமீ!" என்று ஒரு சத்தம் போட்டான். ஊரில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் யார்தான் திரும்பாமல் இருப்பார்கள்? அவள் திரும்பினாள். பவுடர் பூசாத கறுத்த முகம் நேராகக் காமிராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தது. "கட்! டூப்பு மூஞ்சியக் காட்டிட்டா!" அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி எடுத்தார்கள்.

படம் வந்த ஒன்பதாம் நாள் மாட்டினியில்தான் அது ஆரம்பித்தது. இறக்கைக்காரி புயலுக்குள் பறந்து போகையில் அவள் பிடரியில் புளியங்கொட்டை அளவுக்கு ஓர் இடம் கறுத்தது. மறுநாள் அது உள்ளங்கை அகலம். அதற்கடுத்த நாள் இரண்டு தோளும். ரிங்கி தேவி தரையில் நிற்கும்போது பாலாய்த்தான் இருந்தாள், காலைத் தூக்கி வானத்துக்குப் போனதும் கறுத்தாள், இறங்கி வந்ததும் மறுபடி பால். குப்பம் இதற்கு அலட்டிக்கொள்ளவில்லை. "மேல போகப் போக வெயில் ஜாஸ்தி இல்ல? கறுக்கத்தான் செய்யும்" என்றார்கள் கட்டுமரக்காரர்கள். கடல்மேல் போகிறவனுக்குத் தெரியாதா வெயில் என்ன செய்யும் என்று. பெண்கள் ஒரு படி மேலே போய், பாவம், பம்பாயில் இப்படி வெயிலே கிடையாது போலிருக்கு, தலையில் ஒரு துணியாவது போட்டுக்கொண்டு பறக்கக் கூடாதா என்று அவளுக்காக உச்சுக் கொட்டினார்கள்.

அப்புறம்தான் கொட்டகை கூட்டுகிற தாயாரம்மா, திரைக்கு அடியில் ரோஸ் நிறத்தில் ஏதோ கொட்டிக் கிடப்பதைப் பார்த்தாள். மோந்து பார்த்தாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள், முறத்தில் வாரி பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தாள். நாலு நாளில் டின் நிறைந்தது. சங்கதி வெளியே வந்ததும் ஆளுக்கு ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். சினிமாவிலிருந்து விழுகிற பவுடர், சும்மா விடுவார்களா? ஆனால் அந்தப் பவுடர் யார் மேலும் நிற்கவில்லை. கல்யாணப் பெண்ணுக்குப் பூசினார்கள், கோயில் வாசலுக்குப் போவதற்குள் உதிர்ந்தது. வேர்க்குருவுக்குப் பூசினார்கள், தெருமுனையில் உதிர்ந்தது. சர்ச்சில் மாதா சொரூபத்தின் கன்னத்தில் சாயம் போயிருந்த இடத்தில் சாமியாரே தொட்டு வைத்துப் பார்த்தார். பூசை முடிவதற்குள் அது பீடத்தில் கிடந்தது, அவரும் ஊதித் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். கடைசியில் கோலத்துக்கு ஆகும் என்று வைத்துக்கொண்டார்கள். தரையில் மட்டும் அது அழகாக நின்றது.

பிலோமினாவுக்கு மட்டும் அது என்னவென்று தெரியும். திரையில் கொஞ்சம் கொஞ்சமாய்த் தன் தோள் வெளியே வருவதைத் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து அவள் பார்த்தாள். சந்தோஷமும் பயமும் ஒன்றாய் வந்தது. யாரிடம் சொல்ல? வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு கூத்து.

பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஸ்டெல்லா டீச்சர் 'இறக்கைக்காரி'யை நாடகமாகப் போடுகிறாள். செலின்தான் வகுப்பிலேயே நன்றாகப் பேசுவாள், வசனம் முழுக்க மனப்பாடம், மேசையிலிருந்து குதித்துப் பறந்தும் காட்டினாள். டீச்சர் தட்டிக்கொடுத்துவிட்டு, ரேஷன் கடைக்காரர் மகள் மேபலுக்கு இறக்கையைக் கட்டினாள். "இறக்கைக்காரி செவப்பா இருக்கணும்ல கண்ணு. நீ அலையா இரு" என்று செலினிடம் ஒரு நீலப் புடவையின் முனையைக் கொடுத்தாள். அன்றிலிருந்து பிள்ளை தினமும் தேங்காய் நாரால் கையைத் தேய்க்கிறது. மஞ்சள், கடலை மாவு, ரின் சோப்பு, ஒன்றையும் விடவில்லை. தாயாரம்மாவின் டின்னிலிருந்து பவுடரை அள்ளிவந்து பூசிக்கொண்டு பள்ளிக்கு ஓடியது, போய்ச் சேருவதற்குள் எல்லாம் உதிர்ந்து, சட்டையெல்லாம் ரோஸ் தூளோடும் கண்ணெல்லாம் தண்ணீரோடும் திரும்பி வந்தது.

"ஏன்டி தோல இப்படி உரிச்சுக்குற?" என்று முழங்கையில் ரத்தம் கசிந்த இடத்துக்குத் தேங்காய் எண்ணெய் வைத்தாள் பிலோமினா.

"செவப்பா இருந்தாத்தாம்மா பறக்க முடியும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. படத்துல பாத்தேன்."

"இப்பதான் அவ கறுத்துட்டு வராளே, பாக்கலியா?"

"அது வெயிலு" என்றாள் செலின். "எறங்குனா போயிடுது. எனக்குப் போவ மாட்டேங்குது."

அன்றைக்குப் பிலோமினா அடுப்படியில் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். அவளுக்குப் பேர் வேண்டாம், மாலை மரியாதை வேண்டாம், டைரக்டரின் மன்னிப்பும் வேண்டாம். தன் மகள் தோலைத் தேய்ப்பதை நிறுத்த வேண்டும், அது ஒன்றுதான் வேண்டும். 'பறந்தது நான்தான்' என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல்லுக்குக் கீழே யாரோ முகம் தெரியாத ஒருத்தி கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

இதற்குள் திரையில் முதுகு முழுசாய் வெளுத்துவிட்டது, அதாவது கறுத்துவிட்டது. குதிகால் வரைக்கும் நம்ம ஊர்க் கறுப்பு. இது வெயில் வேலை இல்லை, இது வேறு ஆள் என்று குப்பத்துக்குப் பிடிபட்டதும் கிளம்பியது பாருங்கள் ஒரு சண்டை. அந்தத் தோள் வலை இழுத்த தோள், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் யார் வீட்டுத் தோள்? முதல் தெருக்காரர்கள் செத்துப்போன தங்கள் சின்னம்மாவின் முதுகு என்றார்கள். ஐந்தாவது தெருவில் ஒருத்தன், எங்க அக்கா கல்யாணத்துக்கு முன்னால் அச்சு அசல் இப்படித்தான் நிற்பாள் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தான். குழாயடியில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி, "கொஞ்சம் திரும்பி நில்லுமே" என்று நிறுத்தி வைத்து முதுகு பார்த்தார்கள். யாராவது குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தால் நாலு பேர் பின்னாலிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்கள். பிறந்ததிலிருந்து தங்கள் முதுகை யாரும் இப்படி மரியாதையாகப் பார்த்ததில்லை என்பதால், பெண்களும் கொஞ்ச நாள் நிமிர்ந்தேதான் நடந்தார்கள். பிலோமினாவையும் திருப்பி நிறுத்தினார்கள். "நான் துணி தொவைக்கிறவ, என்னப் போயி" என்று அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள்.

விநியோகஸ்தருக்குத் தகவல் போனது. பிரிண்ட்டில் கோளாறு என்று வேறு பிரிண்ட் அனுப்பினார், அதுவும் இரண்டாம் நாளே உதிர்ந்தது. வேறு எந்த ஊரிலும் இல்லாத தொல்லை இங்கே என்ன என்று அவர் கோபித்துக்கொண்டு, வியாழக்கிழமையோடு படத்தை எடுத்துவிடச் சொல்லிவிட்டார். போஸ்டர்களின் மேல் 'இன்றே கடைசி' என்று மஞ்சள் காகிதம் ஒட்டினார்கள். சனிக்கிழமை பள்ளிக்கூட நாடகம். வியாழக்கிழமை மாட்டினிக்குப் பிலோமினா செலினைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். என்ன செய்யப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

அன்றைக்குக் கொட்டகை பிதுங்கியது. கடைசித் தடவையாக முதுகைப் பார்க்கக் குப்பமே வந்திருந்தது. புயல் அடித்தது, படகுகள் கவிழ்ந்தன, திரை முழுக்க இறக்கை விரித்து அவள் போனாள். ரோஸ் நிறத்தில் ஒரு பொட்டுக்கூட மிச்சம் இல்லை. முதல் தெரு "எங்க சின்னம்மா!" என்றது, ஐந்தாவது தெரு "எங்க அக்கா!" என்றது. திரையில் இருந்தவள் யாருக்கும் திரும்பவில்லை. கடலுக்கு மேலே, கோவளத்துக் கடலுக்கு மேலே, முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றாள், என்னமோ காத்திருக்கிற மாதிரி.

பிலோமினாவுக்கு அந்த இடம் தெரிந்தது. அந்த அலை தெரிந்தது. இங்கேதான் வெட்டினார்கள். மடியில் செலின் தூக்கம் வந்தவளைப்போல முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தாள். நான்தான் என்று சொல்லக் கூடாது. சத்தியம் அவ்வளவுதானே? பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று கயிறு சொல்லவில்லையே. மாதாவே, யாரும் விழக் கூடாது என்று மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு, செலினை மணலில் இறக்கி வைத்துவிட்டு அவள் எழுந்து நின்றாள். பின்னால் இருந்தவர்கள் "உக்காருமே!" என்று கத்தினார்கள். இத்தனை வருஷம் அடக்கி வைத்த குரலை எல்லாம் ஒன்றாய்ச் சேர்த்து, கரையிலிருந்து கட்டுமரத்தைக் கூப்பிடுகிற மாதிரி, அவள் கூப்பிட்டாள்.

"பிலோமீ! ஏ பிலோமீ! திரும்புடி!"

இறக்கைக்காரி திரும்பினாள்.

அந்த நேரத்தில் ரீல் தீர்ந்துபோய் வெறும் சக்கரம்தான் சுற்றிக்கொண்டிருந்தது என்று ஆபரேட்டர் காதர் பாய் சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் திரையில் அவள் இருந்தாள். கறுத்த முகம், எண்ணெய் வழிகிற நெற்றி, காற்றில் பறக்கிற முடி, பல் தெரியச் சிரிக்கிற சிரிப்பு. ஒரு வீட்டுக் கூரை அளவுக்கு அந்த முகம் திரையை அடைத்துக்கொண்டு நின்றது. காக்கா என்று யாரும் சொல்லவில்லை. மணலில் உட்கார்ந்திருந்த ஒருத்தன்தான் முதலில், "டேய், நம்ம இருதயம் பொஞ்சாதிடா" என்றான். அப்புறம் எழுந்த விசிலும் சத்தமும் கடற்கரை வரைக்கும் கேட்டதாம். தாயாரம்மா துடைப்பத்தை மார்போடு கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். முதல் தெருவும் ஐந்தாவது தெருவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, மூணாவது தெருவா, சரி போ, நம்ம குப்பந்தானே என்று சமாதானம் ஆகிவிட்டார்கள்.

மாஸ்டர் கங்காதரன் பின்னால் ஒரு நாள் வீடு தேடி வந்து சொன்னார்: அந்த மத்தியானம் கோடம்பாக்கத்தில் மூன்று இடத்தில் பெண்கள் கயிற்றில் தொங்கினார்களாம். ஒரு கயிறும் அறவில்லை.

அடுத்த நாளே பிரிண்ட்டைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மற்ற ஊர்களில் எல்லாம் அந்தப் படம் பழையபடி ரோஸ் நிறத்திலேயே ஓடி முடிந்தது. சனிக்கிழமை நாடகத்தில், டீச்சர் இறக்கை கட்டிவிட்ட மேபலோடு, பழைய தினத்தாளில் வெட்டி ஒட்டிய இறக்கைகளைத் தாங்களாகவே கட்டிக்கொண்டு பதினாலு பெண் பிள்ளைகள் மேடையேறி விட்டதாகவும், அலையாக நிற்க ஆள் இல்லாமல் ஸ்டெல்லா டீச்சரே புடவையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றதாகவும் சொல்வார்கள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், வியாழக்கிழமை சாயங்காலம், கொட்டகையிலிருந்து வீட்டுக்கு வருகிற வழி. சொக்கப்பனை கொளுத்தின மாதிரி ஊர் பின்னால் சத்தம் போட்டுக்கொண்டு வந்தது, செலின் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தே நடந்தாள். பிலோமினாவுக்குப் பயம். பிள்ளைக்கு வெட்கமாகப் போய்விட்டதோ, பறந்தது இவளா என்று சப்பென்று ஆகிவிட்டதோ என்று. வீட்டுக்குள் நுழைந்ததும் செலின் கதவைச் சாத்தினாள். மூலையில் கிடந்த தேங்காய் நாரை எடுத்து, எதுவும் நடக்காதது போல, அடுப்புக்குள் போட்டாள். பிறகு அம்மாவிடம் வந்து, அவளைத் திருப்பி நிறுத்தி, ரவிக்கைக்குக் கீழே அந்தத் தழும்பின் மேல் விரலை வைத்து, இடுப்பைச் சுற்றி ஒரு வட்டம் முழுசாக நடத்திக்கொண்டு வந்தாள்.

"இது வலக்கயிறு இல்லல்ல?"

"இல்ல."

"வலிச்சுதாம்மா?"

பிலோமினா மகளின் விரலைத் தழும்பின் மேலேயே பிடித்து வைத்துக்கொண்டாள். உண்மையைத்தான் சொல்ல வேண்டும், இனிமேல் பொய் எதற்கு.

"மேல இருந்தப்ப வலிக்கல கண்ணு" என்றாள். "எறக்கி வுட்டப்புறந்தான் வலிச்சுது."